குவாட் போட்டும் சி.டிஃப் பரவுகிறது, பிளீச் போட்டால் கட்டில் துருப்பிடிக்கிறது. வார்டுக்கு எந்தக் கிருமிநாசினி சரி?

வார்டு_பொறுப்பு

வணக்கம். 24 படுக்கைகள் கொண்ட பொது வார்டு, கூடவே 2 தனியறைகள். தரை, கட்டில், மேசை எல்லாவற்றுக்கும் ஒரே குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) கிருமிநாசினிதான் இருந்தது. இப்போது மூன்று சிக்கல்கள்.

தரை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் மாப் போட்டு, அது காய்வதற்குள் குவாட் மாப் போடுகிறோம்.

தனியறையில் சி.டிஃப் (க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்) வயிற்றுப்போக்கோடு இருந்தவர் போனபிறகு அறை முழுக்கக் குவாட்டில் துடைத்தோம். அடுத்து அதே அறைக்கு வந்தவருக்கும் அதே தொற்று.

அதனால் எல்லா இடத்துக்கும் பிளீச் என்று மாற்றினோம். கேனில் சோடியம் ஹைப்போகுளோரைட் 10% என்று இருக்கிறது. அளவு "வாளிக்கு இரண்டு குவளை". இப்போது கட்டில் கம்பியில் துருப்புள்ளி, துடைப்பவர்களுக்கு இருமல், கண் எரிச்சல். நெடி குறையட்டும் என்று சிலர் அதிலேயே கழுவும் திரவத்தையும் கலக்கிறார்கள்.

மருந்தை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா?

கிருமித்தடுப்பு_செவிலி

இரண்டையும். ஆனால் முதலில் இன்றே நிறுத்த வேண்டியது அந்தக் கலப்பு. ஹைப்போகுளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவறைப் பீங்கான் கழுவும் திரவங்கள் பெரும்பாலும் அமிலம்தான். அமோனியா சேர்ந்தால் குளோரமைன் வரும். குவாட்டையும் பிளீச்சையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது. இருமலுக்கு அளவு மீறிய பிளீச்சும் காரணமாக இருக்கலாம், இந்தக் கலப்பும் காரணமாக இருக்கலாம். ஸ்ப்ரே பாட்டிலில் அடிக்கிறார்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள், துணியில் நனைத்துத் துடைக்கட்டும்.

பிசுபிசுப்புக்கு வருவோம். சாதாரண சோப்பும் டிடர்ஜென்டும் எதிர்மின்னேற்றம் கொண்டவை, குவாட் நேர்மின்னேற்றம் கொண்டது. சோப்பை அலசாமல் அதன் மேல் குவாட் போட்டால் இரண்டும் பிணைந்து படலமாகத் தங்கிவிடும். தரையும் ஒட்டும், குவாட்டும் செத்துப்போகும். தரையை ஒருமுறை வெந்நீரும் நடுநிலை (அமிலமோ காரமோ இல்லாத) டிடர்ஜென்டும் கொண்டு தேய்த்து, வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவிடுங்கள். அதன்பின் சுத்தமும் கிருமிநீக்கமும் சேர்ந்து செய்யும் குவாட் என்றால் அது மட்டும் போதும், தனியாகச் சோப்பு வேண்டாம். உண்மையில் நோயாளி நடமாடும் சாதாரணத் தரைக்கு, ரத்தமோ மலமோ சிந்தாதவரை, டிடர்ஜென்ட் மட்டுமே போதும். கை படும் இடங்களுக்குத்தான் கிருமிநாசினி முக்கியம்: கட்டில் பக்கக் கம்பி, அழைப்பு மணி, கதவுக் கைப்பிடி, சலைன் ஸ்டாண்ட், கழிவறைக் குழாய்.

இன்னொன்று, பருத்தித் துணியை வாளியில் ஊறப்போட்டு வைக்கிறீர்களா? பருத்தி இழை குவாட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வாளியில் அளவு சரியாக இருந்தாலும் கம்பியில் படுவது மிகக் குறைந்திருக்கும். பாலியெஸ்டர் துணிக்கு மாறுங்கள்.

சி.டிஃப் விஷயத்தில் குவாட்டால் ஒன்றும் ஆகாது. அந்தக் கிருமி ஸ்போராக (கெட்டியான உறையோடு உறங்கும் வடிவமாக) மாறி மாதக்கணக்கில் கிடக்கும். குவாட், ஆல்கஹால், ஃபீனால் எதுவும் ஸ்போரைக் கொல்லாது. அதற்கு 0.5% ஹைப்போகுளோரைட் (5000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 5000 பங்கு), 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் ஸ்போரைக் கொல்லும் என்று லேபிளில் எழுதியிருக்கும் பெராசிட்டிக் அமிலத் தயாரிப்பு. அந்த அறைக்குப் போய்வருபவர்கள் ஆல்கஹால் கைத்தேய்ப்பை நம்பாமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும், காரணம் அதேதான்.

கரைசல்_கணக்கு

"இரண்டு குவளை" என்பது அளவே இல்லை. சூத்திரம் இதுதான்: கேனில் உள்ள சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து 1 கழியுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு அத்தனை பங்கு தண்ணீர்.

உங்கள் 10% கேனில் 0.5% வேண்டுமென்றால் 10 ÷ 0.5 = 20, அதில் 1 போக 19. அதாவது 5 லிட்டருக்கு 250 மில்லி பிளீச், 4750 மில்லி தண்ணீர். 0.1% (1000 பிபிஎம்) என்றால் 99 பங்கு: 50 மில்லி பிளீச், 4950 மில்லி தண்ணீர். அடுத்த முறை 5% கேன் வந்தால் பிளீச்சின் அளவு இரண்டு மடங்கு: 500 மில்லி, 100 மில்லி. கேன் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு, அளவுப் பட்டியலை கேன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

பிளீச்சுக்குப் பதில் குளோரின் மாத்திரை (சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட்) வாங்கினால் மாத்திரையின் எடையைப் பார்க்காதீர்கள், அது வெளியிடும் குளோரினின் அளவைப் பாருங்கள். 1 கிராம் குளோரின் தரும் மாத்திரை 1 லிட்டரில் 1000 பிபிஎம்.

குளிர்ந்த தண்ணீர் மட்டும். சூடு குளோரினைச் சிதைக்கும். செறிவு கூடிய கேன் இன்னும் வேகமாக வீரியம் இழக்கும், எனவே 10% கேனை வெயில் படாத இடத்தில் வைத்து, தயாரித்த தேதி புதிதாக உள்ளதையே எடுங்கள். சந்தேகம் வந்தால் குளோரின் அளவு காட்டும் சோதனைப் பட்டையால் சோதிக்கலாம். பட்டை 200 பிபிஎம் வரைதான் காட்டும் என்றால் 1000 பிபிஎம் கரைசலில் 10 மில்லி எடுத்து 90 மில்லி தண்ணீர் சேருங்கள், 100 காட்ட வேண்டும்.

புது_மேற்பார்வையாளர்

இவ்வளவு கணக்கு எதற்கு? 2% குளுட்டரால்டிஹைடு எல்லாவற்றையும் கொல்லுமே. அதில் துடைத்துவிட்டு அறையில் கிருமிநாசினிப் புகைமூட்டம் போட்டால் முடிந்தது அல்லவா?

கிருமித்தடுப்பு_செவிலி

வேண்டாம் தம்பி, இது ஆபத்து. பொருட்களைத் தொற்று அபாயப்படி பிரித்து ஸ்பால்டிங் 1968இல் தந்த பகுப்பின்படி கட்டிலும் மேசையும் அபாயம் குறைந்த வகை, காயமில்லாத தோலை மட்டுமே தொடுபவை. குளுட்டரால்டிஹைடு உயர்நிலைக் கிருமிநீக்கி. எண்டோஸ்கோப் போன்ற கருவிகளை மூடிய தொட்டியில் மூழ்கவைக்க அது. திறந்த அறையில் துடைத்தால் ஆவி மூச்சையும் கண்ணையும் தோலையும் தாக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். புகைமூட்டம் கையால் துடைப்பதற்கு மாற்று ஆகாது. அழுக்கின் அடியில் இருக்கும் கிருமியை எந்தப் புகையும் எட்டாது.

ஐசியூ_பணி

துருவுக்கு: எஃகில் பிளீச்சைக் காயவிட்டுப் போவதுதான் காரணம். 10 நிமிடம் முடிந்ததும் சுத்தத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர் துணியால் ஒற்றி எடுங்கள். அதோடு 0.5% எல்லா இடத்துக்கும் தேவையே இல்லை. சி.டிஃப் அறைக்கும் ரத்தச் சிந்தலுக்கும் அது, கழிவறைக்கு 0.1%. மற்ற படுக்கைகளுக்குக் குவாட் அல்லது 0.5% மேம்படுத்தப்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு. பின்னது உலோகத்தை அவ்வளவாக அரிக்காது, லேபிளில் சொல்லும் ஈர நேரமும் பெரும்பாலும் குறைவு. கேண்டிடா ஆரிஸ் (ஒரு பூஞ்சை) வந்தால் குவாட்டை நம்பாதீர்கள், அங்கும் குளோரின் அல்லது பெராக்சைடுதான்.

மானிட்டர், பம்ப் திரைகளுக்குக் கருவியின் கையேடு சொல்வதை மட்டும் போடுங்கள். 70% ஆல்கஹால் சிறு பரப்புக்குச் சரி. பெரிய பரப்பில் நேரம் முடியுமுன் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கும். அக்ரிலிக் மூடியில் போட்டால் மயிரிழை விரிசல் விழும். பச்சிளங்குழந்தை இன்குபேட்டரில் ஃபீனால் கூடவே கூடாது, குழந்தைகளுக்குப் பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி) ஏறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

"ஈரமாக 10 நிமிடம்" என்பதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மின்விசிறி நேராக அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து விசிறியை நிறுத்துங்கள்.

வார்டு_பொறுப்பு

மிக்க நன்றி. தனியறையில் வரிசை எப்படி? ரத்தம், சிறுநீர் சிந்தினால்? கலக்கியது எத்தனை நேரம் தாங்கும்?

கிருமித்தடுப்பு_செவிலி

மேலிருந்து கீழ், சுத்தத்திலிருந்து அழுக்கு, கழிவறை கடைசி. முதலில் டிடர்ஜென்ட், பிறகு அலசல், பிறகு 0.5%. அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும், ஒவ்வொரு பரப்புக்கும் புது முகம். பயன்படுத்திய துணியை மறுபடி வாளியில் முக்கக் கூடாது. ஒரு கட்டிலின் துணி அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது.

ரத்தத்தை முதலில் உறிஞ்சும் தாளால் மூடி, அதன் மேல் 0.5% மெதுவாக ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அள்ளிக் கழிவுப் பையில் போட்டபின் டிடர்ஜென்டில் கழுவி, மறுபடி 0.5%. சிறுநீர் மேல் பிளீச் நேராக ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். முதலில் உறிஞ்சி, கழுவி, பிறகுதான் பிளீச். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கலக்கிய பிளீச் மூடிய, வெளிச்சம் புகாத பாத்திரத்தில் 24 மணி நேரம். வாளியில் கலங்கிவிட்டால் அப்போதே கொட்டுங்கள். குவாட் பாட்டில் காலியாவதற்குள் மேலே ஊற்றி நிரப்பவும் கூடாது. அதற்குள்ளேயே வளரும் சூடோமோனாஸ், செராஷியா போன்ற கிருமிகள் உண்டு. காலிசெய்து, கழுவி, உலர்த்தி நிரப்புங்கள். பாட்டில் மேல் நான்கு விவரங்கள்: என்ன கரைசல், எத்தனை சதவீதம், கலக்கிய தேதியும் நேரமும், கொட்ட வேண்டிய நேரம். லேபிள் இல்லாத பாட்டிலை முகர்ந்து பார்க்காமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.