ஃபிக்ஸட் பிளானை விட்டு மணிக்கு மணி மாறும் கட்டணத்துக்கு வந்தாச்சு, கரண்ட் பில் மட்டும் குறையவே இல்லை. எங்கே தேடுவது?

மின்மினி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு ஃபிக்ஸட் ஒப்பந்தம் (எந்த நேரமும் ஒரே யூனிட் விலை) முடிஞ்சதும், அதே கம்பெனியிலேயே மணிக்கு மணி விலை மாறும் பிளானுக்கு மாறிட்டோம். ஸ்மார்ட் மீட்டர் முன்னாடியே இருக்கு. வெந்நீர் டேங்க் 150 லிட்டர், 3 கிலோவாட் ஹீட்டர். அதுக்கு டைமர் வெச்சு ராத்திரி 1 மணிக்கு மேல ஓட விட்டிருக்கோம். டிஷ்வாஷரும் ராத்திரிதான். ஆப்பைத் திறந்து பார்த்தா அன்றாடச் சராசரி விலை எங்க பழைய ஃபிக்ஸட் விலையைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டுது. ஆனா பில் வந்தா பழைய தொகைக்கு இம்மி குறையலை. சொல்லப்போனா ஒரு பொட்டு கூடுதல். யூனிட் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான். எலக்ட்ரிக் கார் இல்லை, சோலார் இல்லை.

எங்கே ஓட்டைன்னு தெரியலை. பேசாம ஃபிக்ஸடுக்கே திரும்பிடலாமா? வீட்டுல "சும்மா இருந்ததை ஏன் மாத்தினே"ங்கிற பேச்சு ஆரம்பிச்சாச்சு.

சுவிட்சுபோர்டு:

முதல்ல ஒண்ணு. நீங்க பார்க்கிறது நிஜ பில்லா, மாசாமாசம் கழியிற தவணையா? பல கம்பெனிகள் வருஷ உபயோகத்தை உத்தேசமாப் போட்டுப் பன்னிரண்டால வகுத்துச் சமமாப் பிடிக்கும். பிளான் மாறினாலும் அந்தத் தொகை அப்படியே நிக்கும், வருஷக் கடைசியிலதான் நேர் செய்வாங்க. இந்தக் குழப்பத்துல வர்றவங்க நிறைய பேர்.

மின்மினி:

இல்லைங்க, மீட்டர் ரீடிங் போட்ட நிஜ பில்தான். தவணை முறை எடுக்கலை.

கணக்குப்பிள்ளை:

ஆப் காட்டும் "சராசரி"யை நம்ப வேண்டாம். அது 24 மணி நேர விலையைக் கூட்டி 24ஆல் வகுத்தது. உங்கள் பில் அப்படி வருவதில்லை. எந்த மணியில் எத்தனை யூனிட் என்பதை வைத்து வருகிறது.

பணத்தை விட்டுவிட்டு எண்ணால் சொல்கிறேன். உங்கள் பழைய ஃபிக்ஸட் விலை யூனிட்டுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிளானில் மாலை 5 முதல் 9 வரை 140, நள்ளிரவு முதல் காலை 7 வரை 75, மற்ற 13 மணி நேரம் 95. இதன் நேர்ச்சராசரி ஏறக்குறைய 97. அடடே, லாபம் என்று தோன்றும். இப்போது ஒரு நாளைக்கு 20 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள்: மாலையில் 6, இரவில் 6, மீதி நேரத்தில் 8. கூட்டினால் 840 + 450 + 760 = 2050. யூனிட்டுக்கு 102.5. விலை குறைந்த பிளான், ஆனால் பில் கூடுகிறது. மனிதர்கள் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும் நேரமும் சந்தை விலை (கம்பெனிகள் மின்சாரம் வாங்கும் விலை) ஏறும் நேரமும் ஒன்றுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால்தான் அது ஏறுகிறது.

அதே வீடு மாலை யூனிட்டில் 4ஐ எடுத்து இரவுக்குத் தள்ளினால் 280 + 750 + 760 = 1790, அதாவது 89.5. பழைய ஃபிக்ஸடைவிடப் பத்து சதவீதம் மிச்சம். நீங்கள் டேங்கை இரவுக்குத் தள்ளியிருக்கிறீர்கள். 150 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 8 யூனிட் வேண்டும். ஆகவே தள்ளியது சின்ன சுமை இல்லை. பில்லில் அது தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் ஒன்று தள்ளியது உண்மையில் தள்ளப்படவில்லை, அல்லது தள்ளியதை பில் போடுபவர்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. யூனிட் விலை முழுவதும் சந்தையோடு ஆடாது. கம்பி வழிக் கட்டணம், வரி, கம்பெனியின் பங்கு எல்லாம் அப்படியே நிற்கும். நூறில் நாற்பதுதான் சந்தை விலை என்றால், சந்தை பாதியாக விழுந்தாலும் உங்களுக்கு இருபதுதான் குறையும். சில நாள் வெயிலும் காற்றும் ஓங்கிச் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்போதுகூட நீங்கள் காசு கட்டுவது இதனால்தான். எத்தனை யூனிட் ஓடினாலும் மாறாத நிலைக்கட்டணம் தனி, அதை எந்த டைமரும் குறைக்காது.

மீட்டர்மணி:

கணக்குப்பிள்ளை சொன்ன ரெண்டாவது ஆப்ஷன்லதான், அதாவது தள்ளினதை பில் போடுறவங்க பார்க்கலைங்கிறதுலதான், என் சந்தேகம். பில்லிங் பக்கம் வேலை பார்த்தவன்கிறதால சொல்றேன்.

ஸ்மார்ட் மீட்டர் சுவத்துல இருக்கிறது வேற, அது மணிவாரி ரீடிங்கை வெளியே அனுப்புறது வேற. நீங்க எப்போ எந்திரிக்கிறீங்க, எப்போ ஊர்ல இல்லைன்னு அந்த ரீடிங்கை வெச்சே சொல்லிடலாம். அதனால பல இடங்கள்ல வாடிக்கையாளர் சம்மதம் இல்லாம அதை எடுக்க மாட்டாங்க; நாளுக்கு ஒரு மொத்த ரீடிங், இல்லைன்னா மாசத்துக்கு ஒண்ணு, அவ்வளவுதான் போகும். அப்படிப் போற வீட்டுக்கு மணிக்கு மணி பிளான் குடுத்தா பில் எப்படிப் போடுவாங்க? "ஒரு சராசரி வீடு இப்படித்தான் செலவழிக்கும்"னு ஒரு வார்ப்பு வெச்சிருப்பாங்க. உங்க மொத்த யூனிட்டை அந்த வார்ப்புல ஊத்திடுவாங்க. நீங்க ராத்திரி கண்ணு முழிச்சு டிஷ்வாஷர் போட்டாலும், அவங்க ஏட்டுல அது சாயங்காலம் ஓடினதாத்தான் இருக்கும்.

பில்லோட ரெண்டாம் பக்கத்தைப் பாருங்க. மணிவாரி அட்டவணை இருக்கா, இல்லை "மொத்த யூனிட் × சராசரி விலை"ன்னு ஒத்தை வரியா? ஒத்தை வரின்னா விஷயம் முடிஞ்சது.

மின்மினி:

ஒத்தை வரிதான்! ஆப்லயும் உபயோக வரைபடம் நாள்வாரியாத்தான் இருக்கு, மணிவாரின்னு பட்டனே இல்லை. விலைக்கு மட்டும் மணிவாரி காட்டுது. நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

நாளைக்கே கம்பெனிக்குப் போன் போடுறேன்.

இருட்டுக்கடை:

எதுக்கு இந்த வம்பு? 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல என்ன ஆச்சுன்னு தெரியாதா? பனிப்புயல்ல மொத்த விற்பனைச் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர்ங்கிற உச்சவரம்புலயே நாள்கணக்கா நின்னுச்சு. ஒரு யூனிட்டு 9 டாலர்! சந்தை விலையை அப்படியே வாடிக்கையாளர் தலையில ஏத்தின கிரிடி கம்பெனி அடுத்த மாசமே திவால். ஓடிடுங்க ஃபிக்ஸடுக்கு.

கணக்குப்பிள்ளை:

டெக்சாஸ் உண்மை. ஆனால் அதை வைத்து எல்லா வேரியபிள் (விலை மாறும்) பிளானையும் காட்டிப் பயமுறுத்துவது சரியில்லை. "வேரியபிள்" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறார்கள். கம்பெனியே முன்னறிவிப்புக் கொடுத்துச் சில மாதத்துக்கு ஒருமுறை விலையை மாற்றுவது ஒரு வகை. அதில் நீங்கள் எந்த மணியில் செலவழித்தாலும் ஒரே விலை, டைமரால் பயன் இல்லை. பகல், இரவு, உச்சநேரம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த விலை இன்னொன்று. சந்தையோடு மணிக்கு மணி ஓடுவது மூன்றாவது. இந்த மூன்றாவதில் மேல்வரம்பு இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். வரம்பு இல்லை, வீட்டை மின்சாரத்தில் சூடேற்றுகிறீர்கள், கையில் சேமிப்பும் இல்லை என்றால் நானும் இருட்டுக்கடை பக்கம்தான். கடுங்குளிர் வாரத்தில் ஹீட்டரைத் தள்ளிவைக்க முடியாது.

ஃபிக்ஸட் என்பதும் இலவசப் பாதுகாப்பு இல்லை. விலை ஏறும் அபாயத்தைக் கம்பெனி சுமப்பதற்கான கூலி அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது.

மின்மினி:

போன் பேசியாச்சு. மீட்டர்மணி சார் சொன்னது அப்படியே. பிளான் மாத்தும்போது மணிவாரி ரீடிங்குக்கான சம்மதம் தனிப் படிவமாம், அவங்க அதை அனுப்பவே இல்லை. இப்போ திறந்து விட்டுட்டாங்க. மணிவாரி கணக்கு ஒரு வாரமா வருது.

ஆனா இன்னொரு புதிர். ராத்திரி 1 மணிக்கு ஏறி ரெண்டரை மணி நேரம் ஓடுது, அது டேங்க், சரி. சாயங்காலம் 7 மணிக்கும் ஒரு மேடு இருக்கு. சமையல் அடுப்பு கேஸ்தான், ஏசி போடலை.

சுவிட்சுபோர்டு:

மேடு எவ்வளவு உயரம்? எத்தனை மணி நேரம் நிக்குது?

மின்மினி:

ஒரு மணி நேரம்தான். அந்த மணியில மட்டும் கிட்டத்தட்ட 3 யூனிட் கூடுதல்.

சுவிட்சுபோர்டு:

அப்போ அது ஹீட்டர்தான். கேஸ் அடுப்பு, ஏசி போடாத வீட்டுல அந்த உயரத்துக்கு ஏறுறது பெரும்பாலும் சூடேற்றும் கம்பிதான், உங்க ஹீட்டரும் 3 கிலோவாட்தானே. டேங்குல மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு ரெண்டு எலிமென்ட் இருக்கும், பல டேங்குல அப்படித்தான். டைமர் கீழ் எலிமென்ட்டுக்கு மட்டும் போயிருக்கும். சாயங்காலம் நாலு பேர் குளிச்சு மேல்பக்கம் ஆறினதும் மேல் எலிமென்ட் தானா எந்திரிக்கும். அதோட பிரேக்கரை ஒரு நாள் சாயங்காலம் இறக்கி வெச்சு, மறுநாள் வரைபடத்தைப் பாருங்க.

சில எச்சரிக்கை. காசு மிச்சம் பிடிக்கிறேன்னு டேங்க் தெர்மோஸ்டாட்டை 60க்குக் கீழே இறக்காதீங்க, தேங்கின வெதுவெதுப்புத் தண்ணியில லெஜியோனெல்லா கிருமி வளரும். டைமர் வயரிங்கை மாத்தணும்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. துணி காய வைக்கிற ட்ரையர் இருந்தா அதை எல்லாரும் தூங்குற நேரத்துக்குத் தள்ளாதீங்க, தீப்பிடிக்கிற பொருள் அது. வாஷிங் மெஷின் ஒரு ஓட்டத்துக்கு ஒரு யூனிட் எடுத்தாலே அதிகம், அதுக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

மின்மினி:

பிரேக்கர் சோதனை செஞ்சாச்சு, மேடு காணாமப் போச்சு! எலக்ட்ரீஷியன் வந்து ரெண்டாவது எலிமென்ட்டையும் டைமருக்குக் கீழே கொண்டு வந்துட்டார். அவசரத்துக்கு டைமரை மீறிச் சூடேத்த ஒரு பூஸ்ட் பட்டனும் வெச்சுக் குடுத்திருக்கார். ராத்திரி சூடான தண்ணி சாயங்காலக் குளியல் வரைக்கும் தாங்குது, கடைசி ஆளுக்கு மட்டும் கொஞ்சம் இளஞ்சூடு. கடைசி ஆள் நான்தான்.

இப்போ ஃபிக்ஸடா, இதுவா?

கணக்குப்பிள்ளை:

ஒப்பிடும்போது பழைய ஃபிக்ஸட் விலையோடு ஒப்பிடாதீர்கள், அது போனது போனதுதான். இன்று புதிதாகக் கையெழுத்துப் போட்டால் என்ன விலை தருகிறார்கள், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்த இரண்டையும் வாங்குங்கள். ஒரு மாத மணிவாரி யூனிட்டை அந்தந்த மணி விலையால் பெருக்கிக் கூட்டி, மொத்த யூனிட்டால் வகுங்கள். வரும் எண் புதிய ஃபிக்ஸட் விலையைவிடத் தெளிவாகக் கீழே இருந்தால் இருங்கள். ஒட்டி வந்தால் நான் ஃபிக்ஸடுக்குப் போவேன், ஆப்பைப் பார்த்துக்கொண்டே வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. குளிர்கால மாதம் ஒன்றையாவது பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

மின்மினி:

அந்த ஒத்தை வரி பில்கள் என்ன ஆகும்? விட்டுடறதா?

மீட்டர்மணி:

விடாதீங்க. பல ஸ்மார்ட் மீட்டர்கள் மணிவாரி ரீடிங்கை வெளியே அனுப்பலைன்னாலும் பல மாசத்துக்கு உள்ளேயே சேர்த்து வெச்சிருக்கும். சம்மதம் குடுத்தாச்சுல்ல, பழசையும் இறக்கித் திருத்திய பில் போடச் சொல்லிக் கேளுங்க. போன்ல இல்லை, எழுத்துல. படிவம் அனுப்பாம விட்டது அவங்கன்னு தேதியோட குறிப்பிடுங்க.

ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க: அந்த நாள்கள்ல மேல் எலிமென்ட்டும் சாயங்காலம் ஓடியிருக்கும். அதனால திருத்தினா கொஞ்சம்தான் குறையும், ஒருவேளை ஏறக்கூடச் செய்யலாம். கேட்கிறதுக்கு முன்னாடி அந்த ஒரு வாரக் கணக்கை வெச்சு உத்தேசமாப் பெருக்கிப் பாருங்க. பில் வந்ததும் ஏதாவது ஒரு நாளை எடுத்து 24 வரி இருக்கா, ராத்திரி 1 மணி மேடு ராத்திரி 1 மணியிலதான் நிக்குதான்னு பாருங்க. சில மீட்டர் கடிகாரம் கோடைகால நேர மாற்றத்தை (சில நாடுகள்ல கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி நகர்த்துறது) கண்டுக்காது. மேடு ஒரு மணி நேரம் தள்ளி நின்னா டைமரை அதுக்குத் தகுந்த மாதிரி நகர்த்திக்கோங்க.