‘அவுட்சைஸ் கார்கோ’: பருஞ்சரக்கு எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சாதாரண விமானத்தில் ஏற்ற முடியாத அளவுக்குப் பெரிய சரக்கை ஆங்கிலத்தில் ‘அவுட்சைஸ் கார்கோ’ (outsize cargo) என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த சொற்களில் ‘கனச்சரக்கு’ வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே சிக்கல் எடையில் இல்லை, பருமனில் இருக்கிறது. இத்தாலியின் தென்கிழக்கில், தாரந்தோவுக்கு அருகே உள்ள குரொத்தாலியே விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணிகள் விமானம் அங்கே அபூர்வம். ஆனால் ஓடுபாதையின் நீளம் 3,200 மீட்டர்! காரணம், ஓடுபாதையை ஒட்டியிருக்கும், லியொனார்டோ என்ற நிறுவனத்தின் விமானப் பாகத் தொழிற்சாலை. போயிங் 787 பயணிகள் விமானத்தின் நடு உடலில் 44, 46 என்று எண்ணிட்ட இரண்டு பகுதிகள் அங்கேதான் உருவாகின்றன. சுழலும் பெரிய அச்சின் மேல் பிசின் ஊறிய கார்பன் இழை நாடாவை அடுக்கடுக்காகச் சுற்றி, சூடும் அழுத்தமும் தரும் உலையில் இறுகவைக்கிறார்கள். தகடு தகடாக இணைக்கும் வேலை இல்லை, முழுக் குழலாகவே வெளியே வருகிறது. ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். உள்ளே வெறும் காற்று. வைக்கோல் வண்டியைப் போல, பாரம் குறைவு, அடைக்கும் இடம் அதிகம்.

சாதாரணச் சரக்கு விமானத்தின் கதவில் இது நுழையவே நுழையாது. அதற்காகவே போயிங் நான்கு பழைய 747-400 விமானங்களின் உடலைப் பெரிதாக்கி ‘ட்ரீம்லிஃப்டர்’ என்ற சரக்கு விமானங்களாக ஆக்கியது. முதலாவது 2006-இல் பறந்தது. கொள்ளளவு 1,840 கன மீட்டர். வால் முழுவதும் கீலில் பக்கவாட்டாகத் திரும்பித் திறக்கும். குழலை அந்த வழியே உள்ளே தள்ளுவார்கள். அப்புறம் அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இறக்கி, விமானமாக இணைப்பார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘மிகையளவுச் சரக்கு’ என்றால் வரம்பு மீறியது என்று பொருள் படும். கூடுதல் கட்டணம் கட்டும் பயணியின் பெட்டிதான் நினைவுக்கு வரும். குரொத்தாலியேவில் வரம்பு எதுவும் மீறப்படவில்லை, அந்த அளவுக்கென்றே விமானம் செய்திருக்கிறார்கள். ‘பெருஞ்சரக்கு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலக்கரி, கோதுமை போல நிறைய வரும் சரக்கு என்றும் கொள்ள இடம் உண்டு.

என் பரிந்துரை ‘பருஞ்சரக்கு’. பருத்த, பருமன் என்று நாம் அன்றாடம் சொல்வதில் உள்ள அதே ‘பரு’. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலக்கரி வகைக்கு ‘மொத்தச் சரக்கு’ ஏற்கெனவே இருப்பதால் குழப்பமும் வராது. பருஞ்சரக்கு விமானம், பருஞ்சரக்கு நிலையம், பருஞ்சரக்கு ஏற்றி என்று மற்றச் சொற்களோடும் இயல்பாகச் சேர்கிறது. திரும்பித் திறக்கும் அந்த வாலுக்கு ‘கீல்வால்’ போதும் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. காற்றாலை இறக்கையைச் சுமந்து நம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் நீள லாரிகளின் சுமையை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘ஓ.டி.சி.’ (ஓவர் டைமென்ஷனல் கார்கோ) என்கிறார்கள். அதுவும் இதே இனம்தான், ஆனால் அங்கே பருமனை விட நீளமே தொல்லை. அதையும் பருஞ்சரக்கில் சேர்க்கலாமா, தனிச் சொல் வேண்டுமா? சாலைப் போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் முடிவு செய்யலாம்.