மனச்சிதைவுக்குச் சைலோசைபினா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). குளோசபின் என்ற மருந்தை எடுக்கத் தொடங்கியபின் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் பேச்சில்லை, எதிலும் நாட்டமில்லை. காபி ஆறி ஆடை படியும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சிலவகைக் காளான்களில் உள்ள, மாயத்தோற்றம் உண்டாக்கும் பொருளான சைலோசைபினை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் இந்த மந்தநிலை மாறலாம் என்று சில ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். உறவினர் ஒருவர் அதையே பிடித்துக்கொண்டு நச்சரிக்கிறார். எனக்கோ பயம். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களில் ஒன்று 2ஏ ஏற்பி; குளோசபின் தடுக்கும் அதே ஏற்பியைத்தானே சைலோசைபின் தூண்டுகிறது? மனச்சிதைவு உள்ளவர்களை அதன் சோதனைகளில் பொதுவாகச் சேர்ப்பதும் இல்லை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது வேறு.

வாங்கும் வழி சொல்ல வேண்டாம். குழுவில் மனநல மருத்துவர்கள் இருந்தால், மனச்சிதைவு உள்ளவர்களிடமே முறையாக நடந்த சோதனை ஏதும் உண்டா, இந்த மந்தநிலைக்கு இப்போதே கிடைக்கும் சிகிச்சை என்ன என்று தயவுசெய்து எழுதுங்கள்.