பெங்களூரில் தமிழ் மெட்டல் குழு: சொந்தப் பாடல்களுக்கு மேடை எங்கே?

அல்சூர்வாசி:
நாங்கள் நால்வர், தமிழில் எழுதி டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிதாரும் கொண்ட கடும் ராக் இசை) வாசிக்கிறோம். மதுக்கூடங்களில் வாய்ப்புக் கேட்டால், பிறருடைய புகழ்பெற்ற பாடல்களையே வாசிக்கச் சொல்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற மெட்டல் குழுக்களான அயர்ன் மெய்டன் 2007இலும் மெட்டாலிகா 2011இலும் அரண்மனை மைதானத்தில் வாசித்த இந்நகரில், எங்களுக்கான ரசிகர் வட்டத்தை எப்படி உருவாக்குவது?

பழைய பேஸ் கிதார் கலைஞர்:
தம்பி, அந்தப் பெருங்கச்சேரிகளை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். 1998இல் இங்கே தொடங்கிய கிரிப்டாஸ் என்ற மெட்டல் குழுவே பல ஆண்டுகள் உள்ளூரில் வாசித்த பிறகுதான் ஐரோப்பாவுக்குச் சென்றது. மூன்று குழுக்கள் சேர்ந்து, ஒரே டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பகிர்ந்துகொண்டு, ஓர் ஒத்திகை அறையை வாடகைக்கு எடுத்து அங்கேயே கச்சேரி நடத்தினால், செலவு குறைவதோடு, ஒரு குழுவின் நண்பர்கள் மற்ற இரு குழுக்களையும் கேட்கும் நிலை உண்டாகும். வட்டம் அப்படித்தான் வளரும். தங்கள் முறை முடிந்ததும் கிளம்பிவிடும் குழுவை மறுமுறை அழைக்காதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பானவன். திறந்தவெளியானால், இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு.

ஒலிக்கலவையாளர்:
சிறிய அறையில் சுருதி தாழ்த்திய கிதாரும் பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரே தாழ் அதிர்வெண்களில் மோதுவதால் எதுவும் தெளிவாகக் கேட்காது. கிதார் ஆம்ப்ளிஃபயரில் 'பேஸ்' எனும் தாழ் ஒலியைக் குறைத்து, 'மிட்' எனும் நடு ஒலியைக் கூட்டுங்கள்.

சிவாஜிநகர் ரசிகை:
தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'க்க', 'ட்ட', 'ற்ற' எனும் வல்லின இரட்டிப்புகள் உறுமல் குரலில் டிரம்ஸ் அடியோடு பொருந்தி விழும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அல்சூர்வாசி:
நன்றி, அண்ணா. இரண்டு குழுக்களிடம் இன்றே பேசுகிறேன்.