டர்போ ‘சர்ஜ்’: எதுக்களிப்பா, ஓதமா, அப்படியே விடுவதா?

மண்டபம், பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான கைப்புத்தகத்தில் ஒரு பாடம்தான் பாக்கி: தெருவிலும் ஓட வேண்டும், டிராக் பந்தயத்திலும் (402 மீட்டர் நேரோட்டம்) ஓட வேண்டும் என்கிற காருக்கு எந்த டர்போவை மாற்றிப் போடுவது. (இன்ஜின் புகையில் டர்பைன் சக்கரம் சுழன்று, அதே தண்டிலுள்ள கம்ப்ரசர் சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ.) திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற பையன்களும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜூன் 14 தாண்டினால் ஒருவனும் வரமாட்டான்.

மூன்று சொற்கள் இடிக்கின்றன. லேக், பூஸ்ட் த்ரெஷோல்டு, சர்ஜ். பழைய பதிப்பில் முதல் இரண்டுக்கும் ‘தாமதம்’ என்றே இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்துக்குக் கீழே நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் டர்பைனைச் சுழற்றப் போதிய புகை வராது, அது த்ரெஷோல்டு. அந்த வேகத்துக்கு மேலே இருக்கும்போதும் மிதித்த உடனே அழுத்தம் ஏறாமல் கொஞ்சம் இழுக்குமே, அது லேக். தள்ளிய காற்று கம்ப்ரசர் வழியாகவே திரும்பி அடிப்பது சர்ஜ், அதற்குப் பழைய பதிப்பில் சொல்லே இல்லை. உதவுங்கள்.

பரமக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முதலில் டர்போவுக்கே சொல் இல்லாமல் அதன் நோய்களுக்குப் பெயர் தேடுவது என்ன முறை? லத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம், சுழல்காற்று. நம்மிடம் சூறை இருக்கிறது. சூறாவளியும் சூறையாடலும் அதிலிருந்தே கிளைத்தவை என்பேன். வீணாய்ப் போகும் புகையின் ஆற்றலைச் சூறையாடிக் காற்றைத் திணிக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? ‘சூறையூட்டி’. அது வன்மையாய்த் தோன்றினால் ‘வளியூட்டி’. புறநானூறு 66இல் கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார் வெண்ணிக்குயத்தியார். காற்றை வேலை வாங்கியவன். கடற்கரையில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா?

லேக் என்பதற்குச் ‘சுணக்கம்’ போதும். த்ரெஷோல்டுக்கு ‘எழுவேகம்’.

தொண்டி, பட்டறை:

ஐயா, சூறையூட்டி என்று பட்டறை போர்டில் எழுதினால் போலீஸ்தான் முதலில் வரும். டர்போ டர்போவாகவே இருக்கட்டும்.

சுணக்கம் நல்ல சொல், எங்கள் அம்மாவே சொல்லும். ஆனால் எங்கள் படகு வேலையில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. லாஞ்சு இன்ஜின் ஒரே சுற்றில் மணிக்கணக்கில் ஓடும், மிதித்து எடுப்பதெல்லாம் இல்லை. நாங்கள் பார்ப்பது வேறு. காற்று வரும் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவோம், பிறகு முன்னும் பின்னும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், எண்ணெய் ஏறினால் அது நிரம்பிவிடும். முன்பின் ஆட்டம் கையில் தெரிந்தால், தண்டை முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போச்சு. சக்கரத்தின் இதழ் நுனி உறையில் உரசிய கோடு பளபளவென்று தெரியும். இதைப் புத்தகத்தில் போடுங்கள், பழைய டர்போவை மலிவாக வாங்கி மாட்டப்போகிற பையனுக்கு ஆயிரம் கலைச்சொல்லைவிட உதவும்.

கீழக்கரை (இப்போது துபாய்), டியூனிங் வேலை:

அந்த த்ரஸ்ட் பேரிங் போவதற்கு ஒரு காரணமே சர்ஜ்தான். அதனால் சொல் வேண்டும், விடக்கூடாது.

பாடத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன். 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 400 குதிரைத்திறன் வேண்டும் என்று வையுங்கள். 10 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 பவுண்டு காற்று, ஆக 40 பவுண்டு, கிலோவில் சுமார் 18. 7,000 சுற்றில் அவ்வளவு காற்றை அந்த இன்ஜினுக்குள் நுழைக்க, குழாய் இழப்பெல்லாம் சேர்த்து அழுத்த விகிதம் (கம்ப்ரசருக்குள் போகும் அழுத்தத்தைப்போல் வெளிவரும் அழுத்தம் எத்தனை மடங்கு என்பது) 2.8 பக்கம் வரும். இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு கம்ப்ரசர் வரைபடத்தில் (கிடையில் காற்றளவு, நெடுக்கில் அழுத்த விகிதம்) புள்ளி வைத்தால், அது திறன் அதிகமுள்ள நடுத் தீவுக்குள்ளோ அதற்குச் சற்று வலப்பக்கமோ விழ வேண்டும். வலது ஓரம் சோக், அங்கே சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். இடது ஓரம் சர்ஜ்.

இப்போது ஆசைப்பட்டு 60 பவுண்டு தள்ளும் கம்ப்ரசரை வாங்குகிறான். தெருவில் சுணங்குகிறதே என்று அதற்குச் சின்ன டர்பைன் ஹவுசிங்கை (டர்பைனைச் சுற்றிய நத்தை வடிவ உறை) மாட்டுகிறான். 3,500 சுற்றிலேயே அழுத்தம் முழுதாக ஏறிவிடும், ஆனால் இன்ஜின் அங்கே விழுங்குவது 20 பவுண்டுதான். புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் போய்விடும். தள்ளிய காற்று போக இடமில்லாமல் சக்கரத்தின் வழியாகவே திரும்பும், மறுபடி தள்ளும், மறுபடி திரும்பும். நொடிக்குப் பல முறை தண்டு முன்னும் பின்னும் அடிபடும்.

402 மீட்டர் ஓட்டத்தில் மட்டும் ஓடுகிற கார் என்றால் கவலை குறைவு. கியர் மாற்றினாலும் ஊசி 5,000க்குக் கீழே அவ்வளவாக வராது, கிளம்பும்போதுள்ள சுணக்கத்தை, நிற்கும்போதே சுற்றை ஏற்றி வைக்கும் லான்ச் கண்ட்ரோல் பார்த்துக்கொள்ளும். தெரு அப்படியில்லை, முக்கால்வாசி நேரம் 2,000க்கும் 4,000க்கும் நடுவில்தான். இரண்டும் வேண்டும் என்பவன் 400 குதிரைத்திறனுக்கு 45, 48 பவுண்டு தள்ளும் கம்ப்ரசரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காசு இருந்தால் பால் பேரிங் (தண்டு உருண்டைகள்மேல் சுழலும்) டர்போ.

தேவிபட்டினம், பொறியியல் மாணவி:

காக்கா, கணக்குக்கு நன்றி. சர்ஜுக்கு ‘எதுக்களிப்பு’ என்று வைத்தால் என்ன? நிரம்பிய வயிறு மேலே தள்ளுகிறதே, அதே வேலைதான். யாருக்கும் விளக்கவே வேண்டாம். வேஸ்ட்கேட்டுக்கு நம் ஊர்ச் சொல் ஒன்று இருக்கிறது: கலிங்கு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாகப் போகும், அழுத்தம் நிறைந்தால் மிச்சப் புகை டர்பைனுக்குப் போகாமல் இது வழியாகப் போகும்.

பரமக்குடி:

கலிங்கு அருமை, மகளே. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்லும் நாட்டில் இந்தச் சொல் யாருக்கும் தோன்றாமல் போனதே வியப்பு. (மடைக்கும் மதகுக்கும் வேறுபாடு உண்டு, அதைத் தனியாக எழுதுகிறேன்.)

எதுக்களிப்பை ஏற்க முடியாது. ‘எதிர்’ என்ற அடியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதால் பிறப்பில் குறையில்லை. ஆனால் அது வயிற்று நோய். பொறியியல் நூலில் ஏப்பமும் எதுக்களிப்புமா? கடல் ஏறி இறங்குவதைக் குறிக்கும் ‘ஓதம்’ இருக்கிறது. ‘வளியோதம்’ என்று சொல்லிப் பாருங்கள், ஓசையே நிமிர்ந்து நிற்கும்.

தொண்டி:

ஐயா கோபப்படக் கூடாது. எங்கள் பக்கம் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். வைத்தியரிடம் போனால் அது ஆண்களுக்கு வரும் வீக்கம். வயிற்று நோய் வேண்டாமென்று இதற்கா வருவது?

கீழக்கரை:

சிரித்து முடியவில்லை. ஒரு தடை மட்டும். மிதித்துக்கொண்டிருந்த காலைச் சட்டென்று எடுக்கும்போது த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் கதவு) மூடிக்கொண்டு ‘ச்சு ச்சு ச்சு’ என்று கேட்குமே, அதையும் பையன்கள் சர்ஜ் என்கிறார்கள், அதற்கு, அடைபட்ட காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வு போட்டால் தீரும். முழுதாக மிதித்திருக்கும்போது வருவது வால்வால் தீராது, டர்போ தேர்வே தப்பு என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

தேவிபட்டினம்:

‘மூடு எதுக்களிப்பு’, ‘சுமை எதுக்களிப்பு’ என்று அடைமொழி போட்டுக்கொள்ளலாம்.

மண்டபம்:

சரி, முடிக்கிறேன், அச்சகத்திலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. டர்போ அப்படியே. லேக் சுணக்கம், த்ரெஷோல்டு எழுவேகம், வேஸ்ட்கேட் கலிங்கு. சர்ஜ் எதுக்களிப்பு, மூன்று பேர் ஒப்புதல், ஐயா ஒருவர் எதிர்ப்பு. தொண்டி அண்ணன் சொன்ன விரல் சோதனை தனிப் பெட்டியாகப் போகிறது. வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படியும், பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189ஆம் பிரிவின்படியும் குற்றம் என்பதையும் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். வகுப்பில் இருக்கிற சிலருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைமேல் ஒரு கண் இருப்பது எனக்குத் தெரியும்.

பரமக்குடி:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்துக்கு இல்லை. அடிக்குறிப்பில் ‘வளியோதம் என்றும் கூறுவர்’ என்று ஒரு வரி போடவும்.

தொண்டி:

யார் கூறுவர் ஐயா?

பரமக்குடி:

நான் கூறுவேன்.

கீழக்கரை:

ஏ பை ஆர் விகிதத்தை மறந்துவிட்டோமே. டர்பைன் ஹவுசிங் வாங்கும்போது முதலில் கேட்பதே அந்த எண்தான். நத்தை வளைவின் குறுக்குப் பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையம் வரைக்குமான தூரத்தால் வகுத்தது. எண் சிறிதானால் சீக்கிரம் எழும், பெரிதானால் மேல் சுற்றில் மூச்சு விடும். இதற்குச் சொல்?

மண்டபம்:

அது அடுத்த பதிப்புக்கு, காக்கா.