சிறப்புக் கல்வி: பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் எந்தச் சட்டம், எந்தத் தீர்ப்பு?

கயல்விழி_82:
டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு மாதிரிக் கடிதம் தயாரிக்கிறோம். பள்ளிகள் சொல்லும் மறுப்பு பெரும்பாலும் மூன்றுதான்: "மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லை", "சிறப்பாசிரியர் வைக்க நிதி இல்லை", "நாங்கள் தனியார் பள்ளி". 1995, 2009, 2016 சட்டங்கள் மூன்றையும் கடிதத்தில் அடுக்கிவிட்டால் போதுமா? எது எதை மாற்றியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாதி_பிரதிவாதி:
அடுக்க வேண்டாம். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம் இப்போது உயிரோடு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று அமலுக்கு வந்தபோது அது ரத்தானது. ரத்தான சட்டத்தைக் காட்டும் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவது பள்ளிக்கு மிகச் சுலபம்.

1995 சட்டம் 18 வயதுவரை இலவசக் கல்வி என்று சொன்னது உண்மை. ஆனால் அது ஏற்றுக்கொண்ட குறைபாடுகள் ஏழே வகை. டிஸ்லெக்சியாவும் இல்லை, ஆட்டிசமும் இல்லை. பொதுப் பள்ளியில் சேர்ப்பது பற்றிய வாசகமும் "முயல வேண்டும்" என்ற அளவில்தான் நின்றது. 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது தனியார் பள்ளிகளின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கான நலிவுற்றோர் வரையறையில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெயரே கிடையாது. 2012 திருத்தம்தான் சேர்த்தது. 2016 சட்டம் வகைகளை 21 ஆக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று, டிஸ்லெக்சியா அதற்குள் வரும்.

இனி 40 சதவீத விஷயம். பலர் இடறி விழுவது இங்கேதான். 2016 சட்டத்தின் 31ஆவது பிரிவு, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தருவது, 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 16ஆவது பிரிவு அப்படியல்ல. "மாற்றுத்திறனாளிக் குழந்தைகள்" என்றுதான் சொல்கிறது, சதவீதமே சொல்லவில்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு, தனிப்பட்ட ஆதரவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து கற்பிக்கும் முறையை மாற்றுவது, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது எல்லாம் இந்தப் பிரிவில் வருகின்றன. உங்கள் கடிதம் 31ஐப் பிடித்தால் பள்ளி "40 இல்லை" என்று சொல்லித் தப்பிக்கும். 16ஐப் பிடித்தால் அந்தப் பதிலுக்கு இடமில்லை.

இதற்குத் துணை நிற்பது 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த விகாஷ் குமார் தீர்ப்பு. யுபிஎஸ்சி தேர்வு எழுத வந்தவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. 40 சதவீதம் இல்லை என்று எழுத்தர் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) உதவியை மறுத்தார்கள். சதவீத வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, நியாயமான ஏற்பாட்டுக்கு அதை நிபந்தனையாக வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்வறை வழக்கு என்றாலும், அந்தத் தர்க்கம் வகுப்பறைக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

தேன்மொழி_சிறப்புக்கல்வி:
ஆசிரியர் பற்றி: 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் விகிதத்தை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது, 2022இல் அரசு அதை அறிவித்தது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். "எங்களிடம் மூன்று பேர்தான்" என்று பள்ளி சொன்னால், அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் சுற்றி வரும் ஏற்பாட்டையும் அந்த 2021 தீர்ப்பு சொல்லியிருப்பதைக் காட்டுங்கள். பல மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்காமலே இருந்ததால் 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியதாயிற்று.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கவுன்சிலரைக் காட்டி "இவர்தான் எங்கள் சிறப்பாசிரியர்" என்பார்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண் என்ன என்று கடிதத்திலேயே கேளுங்கள். அந்த மன்றத்துக்கான 1992 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவரைச் சிறப்பாசிரியராகக் கணக்கில் கொள்ள முடியாது.

தேர்வுச் சலுகைகளுக்கு 2016 சட்டத்தின் 17ஆவது பிரிவு: கூடுதல் நேரம், எழுத்தர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று இருந்தது, ஆக மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. உரிமை இருந்தும் தேர்வறையில் கைநழுவுவது உண்டு. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம் தரும் குறைபாடு) உள்ள மாணவி ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அவ்னி பிரகாஷ் வழக்கில் அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. அதனால் தேர்வுக்கு முன்பே அனுமதிக் கடிதத்தை எழுத்தில் வாங்கி, நகலைத் தேர்வு மையக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து ஒப்புதல் பெற்றுவிட வேண்டும்.

அகிலன்_நூலகம்:
நிதி இல்லை என்ற வாதம் பழையது. 1972இல் வாஷிங்டன் நகரப் பள்ளி வாரியம் மில்ஸ் வழக்கில் இதையே சொன்னது. பணம் போதவில்லை என்றால் அந்தக் குறை எல்லாப் பிள்ளைகள் மீதும் பரவட்டும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் மீது கூடுதலாக இறங்கக் கூடாது என்றது நீதிமன்றம். 1975 அமெரிக்கச் சட்டத்துக்கு வழிவிட்ட தீர்ப்புகளில் அது ஒன்று. அந்தச் சட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்து வடிவில் தனிக் கல்வித் திட்டம் வேண்டும் என்றது.

திட்டம் இருந்தால் மட்டும் தரம் வந்துவிடாது. 1982 ரௌலி வழக்கில் செவித்திறன் குறைந்த சிறுமிக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் மறுக்கப்பட்டார். அவள்தான் வகுப்பு வகுப்பாகத் தேறுகிறாளே என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அந்தத் தாழ்ந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு சில கீழ் நீதிமன்றங்கள் பேருக்கு ஏதாவது பலன் இருந்தாலே போதும் என்று இறங்கிவிட்டன. பிள்ளையின் சூழலுக்குத் தக்க முன்னேற்றம் வேண்டும் என்று எண்ட்ரூ வழக்கில் அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல்தான். இவை இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது, கடிதத்தில் போடாதீர்கள். ஆனால் பாடம் உண்டு: "தக்க ஆதரவு தருக" என்று பொதுவாகக் கேட்காமல், வாரத்துக்கு எத்தனை பிரிவேளை, யார் நடத்துவது, எந்த மாதத்தில் மறுமதிப்பீடு என்று கேளுங்கள்.

கயல்விழி_82:
மிக்க நன்றி. சிறுபான்மையினர் நடத்தும் தனியார் பள்ளி என்றால்? புகார் யாரிடம்?

வாதி_பிரதிவாதி:
உச்ச நீதிமன்றத்தின் 2014 பிரமதி தீர்ப்புப்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு கருத்துச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகரித்த எல்லாப் பள்ளிகளையும் சுட்டுகிறது. சிறுபான்மைப் பள்ளி என்ற விலக்கு அந்தப் பிரிவில் இல்லை. தனியார் பள்ளி என்ற மறுப்புக்கும் இதுவே பதில்.

முதலில் பள்ளிக்குப் பதிவுத் தபால். பதிலை எழுத்தில் கேளுங்கள்; வாய்மொழி மறுப்பை வைத்து மேலே போவது கடினம். பிறகு 80ஆவது பிரிவின் கீழ் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு. ஆணையர் பரிந்துரை செய்தால் 81ஆவது பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை, அல்லது ஏற்காத காரணம், எழுத்தில் வர வேண்டும். பரிந்துரைக்குத் தீர்ப்பின் பலம் இல்லை என்பதால் அந்தக் காரணக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், உயர் நீதிமன்ற ரிட் மனுவுக்கு அதுதான் அடிப்படை. நீட் போன்ற மத்தியத் தேர்வுகள் என்றால் மனு டெல்லியிலுள்ள தலைமை ஆணையருக்குப் போக வேண்டும்.