மறுமொழி: ‘பொருந்தும்’ வேறு, ‘ஒவ்வும்’ வேறு

அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்பவர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டுக்கு, ஆங்கிலத்தில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்பதற்கு ஈடாக ஒரு சொல்லை இந்த மடற்குழுவில் கேட்டிருந்தேன். ஒரு உறுப்பு இன்னொன்றோடு சேர்ந்து வேலை செய்யுமா என்பதைச் சொல்லும் சொல். நானே ‘பொருத்தம்’ என்று முன்வைத்தேன். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இதைவிட எளிதாக எந்தச் சொல் புரியும் என்று நினைத்தேன். இப்போது அந்தப் பரிந்துரையை நானே திரும்பப் பெறுகிறேன். காரணம், போன மாதம் என் மேசைமேல் நடந்த ஒரு விஷயம்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து தாய்ப்பலகையும் (மதர்போர்டு) நுண்செயலியும் (பிராசசர்) வாங்கி வந்து இரவு பத்து மணிக்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். பலகை 2022-இல் வந்த வகை, நுண்செயலி 2024-இல் வந்தது, இரண்டுக்கும் ஒரே சாக்கெட், அதாவது பலகையில் நுண்செயலி உட்காரும் இடம். நுண்செயலி அழகாக உட்கார்ந்தது, நெம்புகோல் மூடியது, மின்விசிறிகள் சுழன்றன. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மறுநாள் ஞாயிறு, இங்கே கடைகள் திறக்காது. கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவாக இருந்தால் ‘அண்ணே, இது இதுக்கு செட் ஆகுமா’ என்று கேட்டு, கடைக்காரரே பார்த்துப் பார்த்து எடுத்துத் தந்திருப்பார், ஏதாவது சரியில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னாலேயே வைத்துவிடலாம். இங்கே உறுப்பின் விவரப் பட்டியலை நாமே படித்து நாமே முடிவு செய்ய வேண்டும், தப்பானால் இரவு முழுக்க நாமே உட்கார்ந்து தேட வேண்டும். அதனால்தான் இந்தச் சொல் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பரை அழைத்தேன். ‘பொருத்தம் பார்த்துத்தானே வாங்கினீங்க?’ என்றார். ‘பொருந்திருச்சுங்க, ஆனா பலகை இந்த நுண்செயலிய ஒத்துக்க மாட்டேங்குது’ என்று என் வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகுதான் கவனித்தேன், ஒரே மூச்சில் இரண்டு வினைச்சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறேன், இரண்டும் இரண்டு வேறு செய்திகளைச் சொல்கின்றன.

(சிக்கல் பயாஸில், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும், பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளில் இருந்தது. கடையில் கிடந்த பலகையில் பழைய பதிப்பு, அதற்குப் பிறகு வந்த நுண்செயலியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல வேளையாக, அந்தப் பலகையின் பின்பக்கம் நுண்செயலியின் துணை இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் இருந்தது. யூஎஸ்பி குச்சியை எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்து, புதிய கோப்பைப் பலகைக் கையேட்டில் சொன்ன பெயரில் போட்டு, பொத்தானை அழுத்திக் காத்திருந்தேன். திரை வந்தது. இந்தப் பொத்தான் எல்லாப் பலகையிலும் இருக்காது, வாங்கும்போதே பாருங்கள்.)

ஆக, உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்பது இரண்டு கேள்விகள். ஒன்று, இது அதில் பொருந்துமா? வடிவம், நீளம், துளை, முனை பற்றிய கேள்வி. டிடிஆர்4 நினைவகத்தையும் (ராம்) அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 நினைவகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 288 முனைகள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது, ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரவே உட்காராது. பெட்டிக்குள் வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) அடங்குமா, நுண்செயலியின் மேல் உட்காரும் வெப்பத்தணிப்பியின் (கூலர்) உயரத்துக்குப் பக்கக் கதவு மூடுமா என்பதும் இதே வகை. மில்லிமீட்டர் கணக்கு, அளவுகோலால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, பொருந்திய பிறகு அதை இது ஏற்றுக்கொண்டு வேலை செய்யுமா? இங்கேதான் பணம் போகிறது. இதற்கு நான் கொடுக்கக்கூடிய மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இன்டெல்லின் எல்ஜிஏ1151 என்ற சாக்கெட். 2015-இல் ஆறாம் தலைமுறை நுண்செயலிகள் இந்த சாக்கெட்டில் வந்தன. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோதும் அதே பெயர், அதே 1151 முனைகள். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை என்ற புதிய வகைப் பலகைதான் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய 200 வரிசைப் பலகையில் வைத்தால் உட்காரும், ஓடாது. ‘பொருத்தம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது? ‘பொருந்தும், ஆனால் பொருத்தமில்லை’ என்றா?

இதைவிட ஆபத்தான ஒன்று மின்வழங்கியின் (பவர் சப்ளை) கழற்றக்கூடிய கம்பிகள். ஒரு நிறுவனத்தின் கம்பியை இன்னொரு நிறுவனத்தின் மின்வழங்கியில் செருகினால் பல நேரம் கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் மின்வழங்கிப் பக்கம் எந்த முனையில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொதுவான நியமம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் வன்தட்டு அங்கேயே முடிந்தது. பழைய கம்பி வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்துப் போடுபவர்களிடம் இந்த எச்சரிக்கையைத் தமிழில் நறுக்கென்று சொல்ல வேண்டும், ‘பொருந்தும், ஒவ்வாது’ என்று.

ஆம், நான் இப்போது முன்வைக்கும் சொல் அதுதான். ஒவ்வுதல். ஒவ்வும், ஒவ்வாது, ஒவ்வுமா?

எதிர்மறை வடிவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வாமை என்று மருத்துவத்தில் அன்றாடம் எழுதுகிறோம். ‘எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது’ என்று வீட்டில் பேசுவதும் அதே பொருள்தான். கத்தரிக்காய் வாய்க்குள் போகும், தொண்டையில் இறங்கும், அதுவரை ஒரு குறையும் இல்லை, உடம்புதான் ஏற்காது. அந்தச் சனிக்கிழமை இரவு என் பலகை செய்ததும் அதையேதான். உடன்பாட்டு வடிவத்தை நாம் எழுத்தில் கைவிட்டுவிட்டோம், அதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கோரிக்கை.

இனி மறுமொழிகள்.

ஐயா, ‘இணக்கம்’ ஏற்கெனவே கலைச்சொல் பட்டியல்களில் இருக்கிறது, இருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி, பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இணக்கம் என்ற சொல் இப்போது சட்டத்துக்கும் விதிமுறைக்கும் உட்பட்டு நடப்பதைக் குறிக்கப் போய்விட்டது. வரி இணக்கம், விதி இணக்கம் என்று அலுவலகங்களில் எழுதுகிறார்கள். ஒரு மின்வழங்கியைப் பற்றி ‘இணக்கம் உடையது’ என்று எழுதினால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று பொருளா, என் பலகையோடு ஓடும் என்று பொருளா? கணினிக் கையேட்டில் இரண்டு செய்தியும் அடுத்தடுத்த வரியில் வரும். இன்னொன்று, ‘இணங்கு’ என்ற வினை இருந்தும், கலைச்சொல்லில் இணக்கம் பெயர்ச்சொல்லாகவே தங்கிவிடுகிறது. ‘இணக்கத்தன்மையைக் கொண்டிருக்கவில்லை’ என்று நான்கு அடி நீளத்துக்கு எழுதுவதும் ‘ஒவ்வாது’ என்று முடிப்பதும் ஒன்றாகுமா? வினையாக வளையாத கலைச்சொல்லை யாரும் பேச்சில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம்.

கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா, ‘நாங்கள் சரிவருமோ எண்டுதான் கேக்கிறது, அதிலை என்ன குறை?’ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு குறையும் இல்லை அக்கா, பேச்சுக்கு அதைவிட இதமான சொல் கிடையாது, கையேட்டின் உரையாடல் பகுதிகளில் அதை அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் சரிவருமா என்பது விலைக்கும் நிறத்துக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கேட்கும் கேள்வி. அட்டவணையின் தலைப்பில் போட, இதற்கு மட்டும் உரிய ஒரு சொல் வேண்டும். இன்னொரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான் சாய்கிறேன். நுண்செயலியை இலங்கைப் பாடநூல்கள் முறைவழியாக்கி என்று எழுதுவதை இங்கே பலர் நீளம் என்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் செயலி என்று வைத்துவிட்டு, பிறகு கைபேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் அதே பெயரைக் கொடுத்து, இன்று ‘எந்தச் செயலி வாங்கலாம்’ என்று கேட்டால் இரண்டு பொருள் வருகிறது. நான் நுண்செயலி என்று எழுதுவது அந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான்.

இளைய நண்பர் ஒருவர், ஒவ்வாமை என்றால் தும்மலும் தடிப்பும்தானே நினைவுக்கு வரும் என்றார். வரட்டும். இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் பழக்கம்தான், கணினிக் கிருமியை யாரும் காய்ச்சல் கிருமி என்று குழப்பிக்கொள்வதில்லை.

பெயர்ச்சொல்தான் எனக்கே கொஞ்சம் தயக்கம் தந்தது. ஒவ்வுமை என்று சொல்லலாமா? பொறு என்பதிலிருந்து பொறுமையும் பொறாமையும் வருகின்றன. அதே அச்சில் ஒவ்வுமை, ஒவ்வாமை. ஒலிக்கும்போது ஒப்புமைக்கு மிக அருகில் இருக்கிறது என்பது உண்மையான குறை, இரண்டுக்கும் அடி ஒன்று என்பதால் அது தவிர்க்க முடியாதது. இலக்கணம் அறிந்தவர்கள் இது தவறான ஆக்கம் என்றால் ‘ஒவ்வுதல்’ என்ற தொழிற்பெயரோடு நின்றுகொள்கிறேன், வினை மட்டும் கையில் இருந்தாலே முக்கால்வாசி வேலை நடந்துவிடும்.

இப்போது இந்தச் சொல்லால் தீரும் இன்னொரு பழைய சிக்கல். புதிய உறுப்பு பழைய பலகையிலும் ஓடுவதை எப்படிச் சொல்வது? அட்டையைப் பலகையோடு இணைக்கும் முறைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர், அதன் 4.0 பதிப்பு வரைகலை அட்டையைப் பழைய 3.0 பலகையில் போடலாம், 3.0 வேகத்தில் ஓடும். ஊரில் பழைய பலகை வைத்திருக்கும் தம்பிக்கு இங்கிருந்து புது அட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இதற்குப் ‘பின்னோக்கு இணக்கம்’, ‘பின்னிணக்கம்’ என்றெல்லாம் எழுதியதைப் பார்க்கிறேன். எனக்கு இது உறுத்துகிறது. தமிழில் கடந்த காலம் நமக்கு முன்னால் இருக்கிறது. முன்னோர், முன்னாள், முன்பு ஒருநாள், எல்லாமே போன காலம். பின்னாளில், பின்னர், பின்வருவது, எல்லாமே வரும் காலம். அப்படியிருக்க, பழைய உறுப்புகளோடு சேர்ந்து ஓடுவதைப் ‘பின்’ என்று சொன்னால், தமிழ் மட்டும் படித்த ஒரு பிள்ளை இனி வரப்போகும் உறுப்புகளோடு ஓடும் என்றுதான் புரிந்துகொள்ளும், அப்படிப் புரிந்துகொண்டால் தவறு பிள்ளையுடையது இல்லை. அதனால் முன்னவற்றுக்கு ஒவ்வுவது முன்னொவ்வுமை, பின் வருவனவற்றுக்கு ஒவ்வுவது பின்னொவ்வுமை. இந்த இடத்தில் எனக்கு உறுதி அதிகம், ஒவ்வுமை வேண்டாம் என்று முடிவானாலும் ‘முன்’, ‘பின்’ இரண்டையும் திருப்பி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கணினி எடுத்துப் போகிறவர்களுக்காக ஒரு பத்தி கையேட்டில் சேர்த்திருக்கிறேன், அதிலும் இந்தச் சொல்லே கைகொடுத்தது. ஊரிலிருந்து 230 வோல்ட் மிக்சியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அங்கே 120 வோல்ட்டில் திணறவிட்ட வீடுகள் நம்மில் நிறைய. எதிர்த்திசையில் போகும்போது நடப்பது இன்னும் மோசம். என் சித்தப்பா மகன் பழைய மின்வழங்கி ஒன்றைத் திருச்சிக்கு எடுத்துப் போனான். அதன் பின்னால் மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிவப்பு ஆளி (சுவிட்ச்), 115 வோல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. செருகியை மாற்றிக்கொள்ள ஒரு மாற்றி வாங்கினான், சுவரில் பொருந்தியது, சுவர் சுவிட்சைப் போட்டதும் டப் என்று வெடித்தது. அந்த மாற்றி செருகியின் உருவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தைத் தொடாது. இன்றைய மின்வழங்கிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்கும், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஜெர்மனியிலிருந்து போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, இரண்டு பக்கமும் 230 வோல்ட்தான், சுவருக்குப் போகும் கம்பியை மட்டும் ஊரில் வாங்கிக்கொண்டால் போதும்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். வரைவில் ‘வெப்பப் பசை’ என்று எழுதியிருந்ததை ‘வெப்பக் களிம்பு’ என்று மாற்றிவிட்டேன். பசை என்றால் ஒட்டுவதற்கு என்று நினைத்துச் சிலர் அள்ளி அப்பிவிடுகிறார்கள். அது நுண்செயலிக்கும் வெப்பத்தணிப்பிக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய காற்றிடைவெளியை நிரப்பத்தான், ஒரு பட்டாணி அளவு போதும்.

வரைவின் அட்டவணையில் இப்போது இரண்டு நெடுவரிசைகள் வைத்திருக்கிறேன், ‘பொருந்துமா’, ‘ஒவ்வுமா’ என்று. ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டையும் தனித்தனியே நிரப்ப வேண்டும். சாக்கெட்டுக்கு மட்டும் இன்னும் மனதுக்குப் பிடித்த சொல் அமையவில்லை. ‘பொருத்துவாய்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், ஆனால் இந்த மடலில்கூட என்னையறியாமல் சாக்கெட் என்றேதான் எழுதியிருக்கிறேன். அக்கா, உங்கள் பக்கம் பட்டறைகளில் இதற்கு ஏதாவது பேச்சு வழக்கு இருந்தால் எழுதுங்கள். ஐயா, ஒவ்வுமையின் புணர்ச்சியை, குறிப்பாக முன்னொவ்வுமை சரிதானா என்பதை, நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸ்டுட்கார்ட்டிலிருந்து